விசிட் விசாவில் போய்ப் பழம் பிடுங்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம். மேசனோடு கூலிக்குப் போகிறேன், அறுவடைக் காலத்தில் வயல் வேலை. மெல்பேர்ணில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவையும் துணைக்கு என்னையும் மூன்று மாத விசிட் விசாவில் கூப்பிட்டிருக்கிறார், எனக்காக மட்டும் 10,000 டொலர் பிணைப்பணம் கட்டியிருக்கிறார். ரிக்கெற்றுக்கு அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்து 3 இலட்சம் எடுத்தோம். இப்போது அத்தானுக்குத் தெரிந்த ஒருவர், ஷெப்பர்டன் என்ற இடத்தில் பேரிக்காய் பிடுங்கலாம், மணிக்கு 15 டொலர் கைக்காசு, யாருக்கும் தெரியவராது என்கிறார். கிளிநொச்சியில் ஒரு முகவர், 4 இலட்சம் தந்தால் அங்கே போன பிறகு வேலை விசாவாக மாற்றலாம் என்கிறார். இரண்டு மாதம் மட்டும் செய்து சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்துவிடலாமா? உடம்பை வளைத்து வேலை செய்ய எனக்குப் பயமில்லை.

பதில்:

தம்பி, கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். உடம்பை வளைத்து வேலை செய்வதில் ஒரு குறையும் இல்லை. என் அண்ணா 90களில் பாரிஸில் கோப்பை கழுவித்தான் எங்கள் வீட்டுக்கு அடுப்பெரித்தவர், அந்தக் காசில் படித்துத்தான் நான் சட்டத்தரணி ஆனேன், 2011 இல் இருந்து கிளிநொச்சியில் இருந்து வேலை செய்கிறேன். ஆகவே கூலி வேலைக்குப் போகாதே என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இந்த வேலையை, இந்த விசாவில், இந்த ஆளின் பேச்சைக் கேட்டுச் செய்ய வேண்டாம். ஏன் என்று வடிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் விசாக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அக்கா பிணைப்பணம் கட்டிக் கூப்பிட்டிருப்பதால் உங்களுடையது 600 என்ற எண்ணுள்ள விசாவில் குடும்பம் பொறுப்பேற்கும் பிரிவு. அந்தக் கடிதத்தின் கீழ்ப்பகுதியில் நான்கு இலக்கங்களில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். 8101 என்றால் வேலை செய்யக்கூடாது. 8503 என்றால் அங்கே இருந்துகொண்டு வேறு விசாவுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, விண்ணப்பிக்க முடியாது. இந்த இரண்டு எண்ணும் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் சொல்லிவிடும். 4 இலட்சம் தந்தால் அங்கே போய் மாற்றலாம் என்று சொல்கிற முகவரிடம் 8503 ஐக் காட்டி, இதை எப்படி மாற்றுவீர்கள், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். தரமாட்டார்.

அந்த முகவரைப் பற்றி இன்னும் ஒன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதற்கு 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அது இல்லாமல் காசு வாங்குவது குற்றம். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று சொல்வார்கள், அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஒரு நாள் போய்க் கேளுங்கள். ஏற்கெனவே முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் பற்றுச்சீட்டு இல்லாமல்தான் வருகிறார்கள், ஊர்க்காரர்தானே என்று நம்பிக் கொடுத்தோம் என்பார்கள், அதைக் கேட்கும்போது எனக்குப் பெரிய வேதனை.

சரி, இனி பேரிக்காய்க்கு வருவோம். மணிக்கு 15 டொலர் என்றதும் உங்கள் மனம் கணக்குப் போட்டிருக்கும், எனக்குத் தெரியும். ஒரு டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட என்று வைத்தால், இங்கே நாள் முழுக்கக் கல் சுமந்து வாங்குகிற கூலியை அங்கே ஒரு மணித்தியாலத்தில் வாங்கலாம். ஆனால் அவுஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலேயே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர் ஆகிவிட்டது. நிரந்தரமில்லாத, நாளுக்கு நாள் கூப்பிடுகிற வேலையாளுக்கு அதன்மேல் 25 வீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும், ஆக 31 டொலருக்கு மேல். கூடைக்கு இவ்வளவு என்று கொந்தராத்தாகக் கொடுத்தாலும், 2022 ஏப்ரலில் இருந்து பழத்தோட்டங்களில் அந்த மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது என்று விதி வந்துவிட்டது. அத்தானின் நண்பர் உங்களுக்கு 15 தருகிறார் என்றால் அது சட்டப்படி கொடுக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. மிச்சம் எங்கே போகிறது என்று யோசியுங்கள்.

இரண்டு மாதம், கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 320 மணித்தியாலம், 4,800 டொலர். இந்த மாதிரி வேலைக்குப் போய் வந்தவர்கள் என்னிடம் சொன்ன கழிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன்: படுக்க இடத்துக்குக் கிழமைக்கு 150, தோட்டத்துக்குக் கொண்டுபோகிற வானுக்கு நாளுக்கு 10, சாப்பாட்டுக்குக் கிழமைக்கு 100. எட்டுக் கிழமையில் 2,400 டொலர் போய்விட்டது. மழை பெய்த நாள், பழம் பழுக்காத நாள், வான் வராத நாள் எதையும் நான் கழிக்கவில்லை. கையில் வருவது மிக நல்ல கணக்கில் 2,400 டொலர். அதற்காக அக்கா கட்டிய 10,000 டொலரைக் கொண்டுபோய் நடுத்தெருவில் வைக்கிறீர்கள். நிபந்தனையை மீறினால் அந்தப் பிணைப்பணம் அரசுக்குப் போய்விடும், அதற்குத்தான் அதை வாங்கி வைத்திருக்கிறார்கள். நம் காசில் அது 20 இலட்சம். பச்சைக் குழந்தையோடு இருக்கும் ஒருத்தி அதை எங்கே கடன்பட்டுக் கட்டினாளோ, உங்களிடம் சொன்னாளா?

விசா ரத்தானால் பொதுவாக மூன்று வருடத்துக்கு மறுபடி தற்காலிக விசாவில் போக முடியாது. அடுத்த முறை அம்மாவைக் கூப்பிடும்போதும் அக்காவின் பெயர் கோப்பில் இருக்கும். வேறு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், எப்போதாவது உங்கள் விசா ரத்தானதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டும். 27 வயதில் அந்தப் பெட்டியில் ஆம் போட வைப்பதற்கு இரண்டு மாதப் பேரிக்காய் போதாது தம்பி.

'யாருக்கும் தெரியவராது' என்கிறார். தோட்டங்களில் எல்லைப் படையின் சோதனைகள் நடப்பதுண்டு, அதை விடுங்கள். அடிக்கடி காட்டிக்கொடுப்பது பக்கத்தில் நிற்கும் ஆள்தான், சில இடங்களில் சம்பள நாளுக்கு முதல்நாள் வேலைக்குக் கூட்டிப்போனவரே. விமான நிலையத்திலும் உங்கள் போனை வாங்கிப் பார்க்கலாம், 'வேலை ரெடி, ஷெப்பர்டனுக்கு வா' என்று அவர் அனுப்பிய ஒரு செய்தி இருந்தாலே உள்ளே விடாமல் திருப்பி அனுப்பக் காரணம் கிடைத்துவிடும். போனை அழித்துவிட்டுப் போகச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அந்த எண்ணத்தையே இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் என் அம்மம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு தர்மபுரத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். விசுவமடு, தர்மபுரம், வவுனியாப் பக்கங்களில் இப்படி வந்த குடும்பங்கள் நிறைய, உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர் தன் தாய் காலத்துக் கதையாகக் கங்காணியைப் பற்றிச் சொல்வார். ஊரில் இருந்து கூட்டி வந்த செலவு, வழிச் சாப்பாடு, கம்பளி எல்லாம் கடனாக எழுதப்படும், அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறும், துண்டு தீராமல் தோட்டத்தை விட்டு அசைய முடியாது, ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு ஆளை மாற்றும்போது துண்டும் கூடவே போகும். 1921 இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உங்கள் கடிதத்தில் படுக்கைக் காசு, வான் காசு என்று எதுவும் இல்லை, ஆனால் அந்த ஆளோடு இன்னும் ஒரு தடவை கதைத்தால் எல்லாம் வரும், 'முதல் இரண்டு கிழமைச் சம்பளத்தை நான் பிடித்து வைப்பேன், கடைசியில் சேர்த்துத் தருவேன்' என்பதும் வரும். அவர் நம்மைப் போலத் தமிழ் கதைப்பார், ஒரே சாமியைக் கும்பிடுவார், அத்தானோடு கிரிக்கெட் விளையாடுவார். கங்காணியும் சொந்தத்தில் ஆள் சேர்த்துத்தான் கப்பல் ஏற்றினான்.

அப்புறம் உடம்பு. ஷெப்பர்டனில் பேரிக்காய் பிடுங்குவது ஜனவரியில் இருந்து, அங்கே அது கோடை, சில நாள் 40 பாகை தாண்டும். வன்னி வெயிலில் நின்றவனுக்கு அது என்ன என்று நினைப்பீர்கள். இங்கே பதினொரு மணிக்கு மேல் மரத்தடிக்குப் போய் பிளேன்ரீ குடித்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்புகிறோம், அங்கே கூடை நிரம்பினால்தான் காசு என்றால் நிழலுக்குப் போகமாட்டீர்கள். தோளில் பழப்பை, ஏணியில் நின்று பிடுங்கல். ஏணியில் இருந்து விழுந்தால் என்ன ஆகும்? இலங்கைக் கடவுச்சீட்டில் போகிற விருந்தாளிக்கு அங்கத்தைய அரச மருத்துவக் காப்பு கிடையாது, பயணக் காப்புறுதிக்காரர் அனுமதியில்லாத வேலையில் பட்ட காயத்துக்குப் பெரும்பாலும் காசு கொடுக்கமாட்டார், பணியகத்தில் பதிந்து போகிற தொழிலாளிக்கு இருக்கும் காப்புறுதியும் உங்களுக்கு இருக்காது, ஏனென்றால் நீங்கள் தொழிலாளியாகவே போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்து திரும்பி வந்த ஒருவரின் குடும்பம் என் அலுவலகத்தில் இருந்து அழுதது. வேலை கொடுத்தவரின் முழுப்பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. யாருக்கு நான் கடிதம் எழுதுவது?

நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே போனதும் கேட்பீர்கள். அதே தோட்டத்தில் ஜெர்மன், பிரெஞ்சுப் பிள்ளைகள் முதுகுப்பையோடு வந்து பழம் பிடுங்குவதைக் காண்பீர்கள், நாடு சுற்றிக்கொண்டே உழைக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று தோன்றும். அவர்களிடம் இருப்பது 417 அல்லது 462 என்ற விடுமுறை வேலை விசா, 88 நாள் இப்படித் தோட்ட வேலை செய்தால் இரண்டாம் வருடமும் கிடைக்கும். அது நாட்டுக்கு நாடு செய்த உடன்பாடு, இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. தொங்கா, வனுவாட்டு, திமோர் போன்ற இடங்களில் இருந்து வருகிறவர்கள் பசிபிக் நாடுகளுக்கான தனித் திட்டத்தில் வருகிறார்கள், அதிலும் நாம் இல்லை. நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், வேலை ஒன்று, வெயில் ஒன்று, கடவுச்சீட்டின் நிறம் மட்டும் வேறு. ஆனால் பிடிபடும்போது அந்த நியாயம் உங்களைக் காப்பாற்றாது.

'சம்பளம் வாங்காமல், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் உதவி செய்தால் வேலை இல்லைத்தானே' என்று ஒருவர் சொல்வார், அதற்கும் ஏமாறாதீர்கள். அவர்கள் சட்டத்தில் வேலை என்றால், வழக்கமாகச் சம்பளம் கிடைக்கும் எந்தச் செயலும். நீங்கள் வாங்கினீர்களா இல்லையா என்பது முக்கியமில்லை. அத்தானின் நண்பர் கடையில் சனி ஞாயிறு கல்லாவில் நிற்பது வேலை. பக்கத்து வீட்டுக்காரரின் மதிலைப் பூசிக் கொடுத்து 100 டொலர் வாங்குவது வேலை, நீங்கள் மேசனோடு நிற்கிற ஆள் என்பதால் இதைக் கட்டாயம் கேட்பார்கள். கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவது உண்மையான தொண்டு, அதில் பிரச்சினை இல்லை. அக்காவின் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதும் அக்கா வீட்டு முற்றத்துப் புல்லை வெட்டுவதும் குடும்பம்.

வேறு யாராவது, மூன்றாம் மாதம் அகதி வழக்குப் போட்டால் வேலை செய்யலாம் என்று சொல்லித் தருவார்கள். உங்களுக்கு உண்மையிலேயே உயிருக்குப் பயம் இருந்தால் அது வேறு கதை, அதை அங்கே பதிவுள்ள குடிவரவுச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எங்கள் மண்ணில் அந்தப் பயம் பலருக்கு உண்மையானது. சங்கிலி மீட்பதற்காகப் பொய் வழக்குப் போடுவது அந்த உண்மையான ஆக்களின் வழக்கைத்தான் கெடுக்கும்.

இதையெல்லாம் கேட்டும் யாராவது ஏற்கெனவே அங்கே போய் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம். எந்த நாள், எத்தனை மணித்தியாலம், யாருடைய தோட்டம் என்று ஒரு கொப்பியில் தமிழிலேயே எழுதி வையுங்கள், வானின் இலக்கத்தகட்டைப் படம் எடுங்கள். 2023 ஜூலையில் இருந்து, விசா எதுவாக இருந்தாலும் செய்த வேலைக்குச் சம்பளம் கேட்கும் உரிமை உண்டு என்று அவர்களின் தொழில் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள், 2024 ஜூலையில் இருந்து விசாவைச் சொல்லி மிரட்டி வேலை வாங்குவதும் தனிக் குற்றம். சம்பளப் பிரச்சினைக்கு 13 13 94, தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முதலில் 131 450. ஆனால் சம்பளம் கேட்கும் உரிமை இருப்பதால் விசா காப்பாற்றப்படும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வெவ்வேறு அலுவலகம். முறைப்பாடு செய்ய முன் ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள்.

இனி சங்கிலி. 3 இலட்சம் என்பது 1,500 டொலர். தம்பி, அதை அக்காவிடம் வாயைத் திறந்து கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கிறது, ஏற்கெனவே பிணை கட்டியவள் என்று நினைக்கிறீர்கள், அது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் 1,500 டொலரை மாதம் மாதம் கொஞ்சமாக அனுப்பச் சொல்வதற்கும், சொல்லாமல் அவளுடைய 10,000 ஐச் சூதில் வைப்பதற்கும் எது வெட்கம்? அதோடு பயணத் திகதியையும் பாருங்கள். ஜனவரியில் போனால் இங்கே காலபோக அறுவடையை விடுகிறீர்கள், நெல் மூட்டை ஏற்றல், வைக்கோல் கட்டல், களம் துப்புரவு என்று வருடத்திலேயே கையில் காசு புழங்குகிற காலம் அதுதான். விசாவில் உள்நுழையும் கடைசித் திகதி இடம் கொடுத்தால், ரிக்கெற்றையும் பெரிய தண்டம் இல்லாமல் மாற்றலாம் என்றால், அறுவடை முடித்துவிட்டு மார்ச் கடைசியில் போங்கள், வட்டியாவது கட்டிவிட்டுப் போவீர்கள்.

அங்கே இருக்கும் மூன்று மாதமும் வீணில்லை. உங்கள் விசாக் கடிதத்தில் 8201 இருந்தால் மூன்று மாதம் வரை படிக்கலாம் என்று அர்த்தம், ஒரு ஆங்கில வகுப்புக்குப் போங்கள், நூலகங்களிலும் இலவசக் கதைப்பு வகுப்புகள் நடக்கும். ஷெப்பர்டனையும் போய்ப் பாருங்கள், மெல்பேர்ணில் இருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர்தான், விருந்தாளியாகப் போய்த் தோட்டத்தைப் பார்ப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

வெளிநாட்டில் உழைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது, மெதுவானது, ஆனால் பயமில்லாமல் நித்திரை கொள்ளலாம். தென்கொரியாவோடு இலங்கைக்கு 2004 இல் இருந்து ஒப்பந்தம் உண்டு, பணியகம் ஊடாக மட்டும்தான், இடையில் முகவர் கிடையாது. 18 இலிருந்து 39 வயது, கொரிய மொழிப் பரீட்சை, தேறினால் E-9 விசாவில் 4 வருடம் 10 மாதம் வரை. வன்னிப் பிள்ளைகள் அந்த மொழிக்குப் பயந்து விலகுகிறார்கள், பயப்படத் தேவையில்லை, கொரிய எழுத்தை ஒரு கிழமையில் பிடித்துவிடலாம். உங்கள் மேசன் வேலைக்கும் தாளில் ஒரு மதிப்பு வேண்டும்: பல வருட அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் தருகிற முறை தொழிற்பயிற்சி அதிகாரசபையில் இருக்கிறது, திரும்ப வகுப்பில் இருக்கத் தேவையில்லை, செய்து காட்ட வேண்டும். முறையாகப் படிக்க விருப்பம் என்றால் அறிவியல்நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு நாள் போய் விசாரியுங்கள், உங்களுக்குப் பேருந்துத் தூரம்தான்.

கடைசியாகப் பயணப்பை. வேலைக்குப் போட்ட சப்பாத்தையும் சாந்தகப்பையையும் வீட்டில் வையுங்கள். பையைத் திறப்பவர் அதைக் கண்டதும் என்ன கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை, வயல் மண் ஒட்டின சப்பாத்து என்றால் மண்ணுக்கே தனி விசாரணை. அம்மா கட்டாயம் ஒடியல்மா, கருவாடு, பிள்ளைபெற்றவளுக்குச் சரக்குத்தூள் என்று கட்டுவார், கட்டட்டும், ஆனால் விமானத்தில் தருகிற அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறதா என்ற இடத்தில் ஆம் என்று போடச் சொல்லுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், சொல்லாவிட்டால்தான் தண்டம். அந்த முகவரிடம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்று எனக்கு இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள், கொடுத்திருந்தால் போகமுன் முறைப்பாட்டை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாம்.